உகாண்டாவுக்குச் சேவைப் பயணம்: நர்சிங் மாணவர்கள் கிளம்புவதற்கு முன்

'ஆப்பிரிக்கா போகிறோம்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு திட்டம் போட முடியாது. விசா, தடுப்பூசி, மருந்துச் சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. இங்கே உகாண்டாவை எடுத்துக்கொள்கிறோம். அங்கே ஆங்கிலம் ஆட்சிமொழி. அரசு சுகாதார அமைப்பும் படிப்படியாகப் பிரிந்திருப்பதால், மாணவர் குழு எங்கே போய் நிற்கலாம் என்று முடிவு செய்வது சுலபம்.

இடம் முதலில், டிக்கெட் பிறகு

நிதி திரட்டி, டிக்கெட் போட்டு, பெட்டி நிறைய மாத்திரை வாங்கிய பிறகு 'எந்த ஊரில் கேம்ப் போடலாம்' என்று தேடும் குழுக்கள் நிறைய. அங்கேயே பாதி வேலை கெட்டுவிடுகிறது. உங்களை யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது எழுத்தில் வந்த பிறகே மற்றதெல்லாம்.

உகாண்டாவில் அடிமட்டத்தில் கிராம சுகாதாரக் குழு இருக்கிறது. அதற்கு மேலே ஹெல்த் சென்டர் 2, 3, 4, பிறகு மாவட்ட மருத்துவமனை, மண்டல மருத்துவமனை, உச்சியில் கம்பாலாவின் முலாகோ. ஹெல்த் சென்டர் 2 பெரும்பாலும் வெறும் ஓ.பி. ஹெல்த் சென்டர் 3-ல் கிளினிக்கல் ஆபீசர் (டாக்டருக்கு அடுத்த நிலையில் சிகிச்சை பார்ப்பவர்), பிரசவ அறை, சின்ன லேப் உண்டு. 4-ல் டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கும். தியேட்டர் என்றதும் மாணவர்களுக்கு ஆசை வரும். ஆனால் அவர்களுக்கு ஏற்றது 3 தான். கர்ப்பிணிகள் பரிசோதனை, குழந்தைகள் தடுப்பூசி, கிராமத்துக்குப் போய் நடத்தும் முகாம் என்று நர்சிங் வேலை அங்கேதான் அதிகம். ஒரு அறையில் ஒரே நேரத்தில் 2 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. எனவே 8 மாணவர்கள், கூட 2 பதிவுபெற்ற நர்ஸ்கள் என்ற அளவைத் தாண்டாதீர்கள்.

சென்டர் பொறுப்பாளரின் அழைப்புக் கடிதம், மாவட்ட சுகாதார அதிகாரியின் ஒப்புதல், கூட வரும் நர்ஸ்களுக்கு உகாண்டா நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் அனுமதி, இந்த மூன்றும் கையில் வேண்டும். எந்த வகை விசா அல்லது பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும் அழைக்கும் நிறுவனமே எழுத்தில் சொல்லட்டும். சுற்றுலா விசாவில் போய் யூனிஃபார்மோடு வார்டில் நின்றால் சிக்கல் உங்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும்தான்.

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழை. மண் சாலையில் வண்டி சிக்கும், மலேரியாவும் ஏறும். ஆனால் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யும் குடற்புழு மாத்திரையும் கொடுக்கிறார்கள். அந்த வேலைக்கு ஆள் தேவைப்படும். அந்த மாதங்களில் போனால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். தனியாக அல்பெண்டசோல் (குடற்புழு மாத்திரை) கேம்ப் போட்டால் ஒரே குழந்தைக்கு இரண்டு தரம் போய்ச் சேரும்.

தடுப்பூசி: ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது ஹெபடைடிஸ் பி. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். கல்லூரியில் சேர்ந்தபோதே போட்டிருப்பீர்கள், ஆனால் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு) பார்த்திருக்க மாட்டீர்கள். ஆன்டி-எச்.பி.எஸ். எனும் அந்த எதிர்ப்பொருள் 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு. குறைந்தால் மறுபடி போட நேரம் வேண்டும் அல்லவா, அதனால் இந்த ரத்தப் பரிசோதனையே பயணத்தின் முதல் வேலை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. அது இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஒரே டோஸ் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் சான்றிதழ் ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். சான்றிதழ்ப் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண் ஒரு இலக்கம் தவறினாலும் விமான நிலையத்தில் நிற்க வைப்பார்கள், அங்கேயே சரிபாருங்கள். முட்டை அலர்ஜி, கர்ப்பம், எதிர்ப்புச் சக்திக் குறைவு இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது உயிருள்ள வைரஸ் ஊசி. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஊசி) போன்ற மற்ற உயிருள்ள ஊசிகளை அதே நாளில் போடாவிட்டால் 4 வாரம் இடைவெளி விடுங்கள்.

டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் பூஸ்டர் இவையும் வேண்டும். கிராமத்தில் தங்குவதானால் ரேபிஸ் முன்தடுப்பும் (0, 7 நாட்கள்) போட்டுக்கொள்ளுங்கள். வட உகாண்டா என்றால் மெனிஞ்சோகாக்கல் (மூளைக்காய்ச்சல்) ஊசியும் சேரும்.

எபோலாவை மறக்காதீர்கள். 2022 செப்டம்பரில் முபெண்டேயிலும் 2025 ஜனவரியில் கம்பாலாவிலும் சூடான் வகை பரவியது. 2025-இல் முதலில் உறுதியான நோயாளி ஒரு நர்ஸ். இப்போது உரிமம் பெற்றிருக்கும் எபோலா தடுப்பூசி ஸயர் வகைக்கானது, இதற்கல்ல. பரவல் அறிவிப்பு வந்தால் பயணத்தை ரத்து செய்துவிட வேண்டும், பேச்சே இல்லை. தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுப்பது அதனால்தான்.

மலேரியா மாத்திரை

அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் எனும் கடுமையான மலேரியா வகை, குளோரோகுயின் மாத்திரை பயன்படாது. சுலபமாகக் கிடைப்பது டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. போவதற்கு 1–2 நாள் முன்பு தொடங்கி, தினம் ஒன்றாக, திரும்பிய பிறகும் 4 வாரம். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கல்லீரலில் இருந்து கிருமி வெளியே வருவது அந்த வாரங்களில்தான். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காதீர்கள். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்தால் உறிஞ்சப்படாது, சில மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வெயிலில் தோல் எரியும், முழுக்கைச் சட்டை வேண்டும். மாத்திரை போட்டாலும் கொசுவலை கட்டாயம்.

பெட்டியில் எது

மருந்தை இங்கிருந்து சுமந்து போகாதீர்கள். உகாண்டா தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதி இல்லாத மருந்து என்டெபே விமான நிலையச் சுங்கத்திலேயே நின்றுவிடும். நன்கொடை மருந்துக்குப் போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக் காலம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. டாக்டர் கொடுத்த சாம்பிள் பட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் இது நடக்காது. திரட்டிய பணத்தை அழைக்கும் நிறுவனத்திடம் கொடுத்தால், கம்பாலாவின் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் போன்ற இடத்தில் அவர்களே தேவையானதை வாங்கிக்கொள்வார்கள்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியது: கையால் அமுக்கும் பி.பி. மெஷின் (சிறிய, நடுத்தர, பெரிய கஃபோடு), ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர், குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவு நாடா, கிளவுஸ், என்-95 மாஸ்க், கண்ணாடிக் கவசம், ஹெட்லைட். கடைசியாகச் சொன்னது ஆடம்பரமில்லை, கரண்ட் போன பிரசவ அறையில் அதுதான் வெளிச்சம். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பை 30 டிகிரிக்கு மேல் காரில் விட்டால் ரீடிங் தப்பாகும். பிளக் பெரிய மூன்று முனை பிரிட்டிஷ் வகை, அடாப்டர் எடுங்கள்.

அங்கே செய்வதும் செய்யாததும்

அளவுகோல் ஒன்றே. இங்கே மேற்பார்வையில் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லாததை அங்கேயும் செய்யக் கூடாது. தையல் போட, பிரசவம் பார்க்க 'அங்கே விடுவார்கள்' என்று போவது சேவை ஆகாது. யாரும் மறுக்க முடியாத இடத்தில் பழகிப் பார்ப்பதுதான்.

பி.பி. 140/90 தாண்டினால், இரண்டு மணி நேரம் நடந்து வந்தவரா என்று கேளுங்கள். உட்கார வைத்து 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கர்ப்பிணிக்கு அதே அளவும் சிறுநீரில் புரதமும் இருந்தால் அன்றைக்கே மேல்நிலைக்கு அனுப்ப வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு. மலேரியா ரேபிட் டெஸ்ட் குணமான பிறகும் சில வாரம் பாசிடிவ் காட்டும், சமீபத்தில் மருந்து சாப்பிட்டாரா என்று கேட்காமல் எழுதாதீர்கள்.

பி.பி. மாத்திரை 30 கொடுத்துவிட்டு விமானம் ஏறினால் 31-ஆம் நாள் என்ன ஆகும்? அதனால் நீண்டகால நோய் எதற்கும் நீங்கள் மருந்து தொடங்காமல், சென்டரின் கிளினிக்கில் பெயர் பதிய வையுங்கள். எல்லா விவரமும் உங்கள் நோட்டில் அல்ல, சென்டரின் பதிவேட்டில் ஏறட்டும். மாத அறிக்கையும் மருந்துக் கோரிக்கையும் அதிலிருந்துதான் போகின்றன. நோயாளி படத்தை எடுத்துப் போடாதீர்கள், 2019-லிருந்து அங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

ஊசி குத்திவிட்டால்

சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், காயத்தைக் கசக்காமல். உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம்தான் கெடு. 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து எந்த சென்டரில், ஞாயிறு இரவு யார் அலமாரிச் சாவி வைத்திருக்கிறார் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். பயத்தில் மறைத்து, மூன்றாம் நாள் சொல்பவர்களால்தான் இந்தக் கெடு தவறுகிறது. உபயோகித்த ஊசிக்கு மூடி போடாதீர்கள்.

ஊசியை விட அதிகம் ஆபத்து சாலையில். இரவுப் பயணம் வேண்டாம், போடா-போடா எனும் வாடகை மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். காப்பீட்டில் நைரோபி வரை விமானத்தில் ஏற்றிச் செல்லும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

திரும்பிய பிறகு

மஞ்சள் காய்ச்சல் புத்தகம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. காசநோய்ப் பரிசோதனையைப் போவதற்கு முன் ஒருமுறையும், வந்து 8–10 வாரம் கழித்து ஒருமுறையும் செய்யுங்கள். விக்டோரியா ஏரியில் கால் நனைத்திருந்தால் நத்தைக் காய்ச்சல் எனப்படும் ஷிஸ்டோசோமியாசிஸுக்கும் பரிசோதனை வேண்டும். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இங்கே முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும், எனவே உகாண்டா போய் வந்ததை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.