செல்களை ஒப்பிடும் செய்முறை வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெங்காயத் தோலையும் கன்னத்தின் உட்புறச் செல்லையும் நுண்ணோக்கியில் பார்த்து, தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுத வேண்டும். செலவு குறைந்த, ஆனால் எளிதில் வீணாகிவிடும் செய்முறை இது. பல வகுப்புகளில் வேறுபாட்டு அட்டவணை முதலில் கரும்பலகையில் ஏறிவிடுகிறது. மாணவர்கள் அதன் பிறகுதான் நுண்ணோக்கிக்குப் போகிறார்கள். பலகையில் இருந்ததையே பார்த்ததாக எழுதிக் கொடுக்கிறார்கள். அட்டவணை கடைசியில் வரட்டும். அதற்கு முன்பு, இரண்டு செல்களையும் ஒரே நிலைமையில் வைத்துத்தான் பார்க்கிறார்களா என்று ஆசிரியர் கவனிக்க வேண்டும்.

உருப்பெருக்கம் மாறினால் ஒப்பீடே இல்லை

வெங்காயச் செல் 10 மடங்கு பொருளருகு லென்ஸிலேயே (ஸ்லைடுக்கு மேலே இருக்கும் லென்ஸ்) நன்றாகத் தெரியும். கன்னச் செல்லுக்கு 40-க்கு மாற்றுவார்கள். பிறகு இரண்டையும் ரெக்கார்டு நோட்டில் ஒரே அளவில் வரைந்து, "இரண்டும் ஏறக்குறைய சம அளவு" என்று எழுதுவார்கள். உண்மையில் வெங்காயச் செல்லின் நீளம் பெரும்பாலும் 0.25 முதல் 0.4 மி.மீ. வரை, கன்னச் செல்லின் அகலம் சுமார் 0.05 முதல் 0.06 மி.மீ. நான்கு மடங்குக்குக் குறையாத வித்தியாசம் நோட்டில் காணாமல் போகிறது.

இதைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். 4 மடங்கு லென்ஸின் கீழே ஸ்கேலை வைத்து, வட்டமாகத் தெரியும் பார்வைப் புலத்தின் விட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அது 4.5 மி.மீ. என்றால், 10 மடங்கு லென்ஸில் 4.5 × 4 ÷ 10 = 1.8 மி.மீ.; 40 மடங்கு லென்ஸில் 0.45 மி.மீ. பிறகு 10 மடங்கில் வெங்காயச் செல்கள் நீளவாக்கில் எத்தனை அடங்குகின்றன என்று எண்ண வேண்டும். ஆறு என்றால் ஒரு செல் 0.3 மி.மீ. கன்னச் செல்லையும் இதே லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டு 40-க்குப் போகலாம். சில நுண்ணோக்கிகளில் 40-க்குப் பதில் 45 இருக்கும். லென்ஸில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே கணக்கிட வேண்டும்.

படத்தின் கீழே "400 மடங்கு" என்று எழுதுவதும் தவறுதான். அது நுண்ணோக்கியின் உருப்பெருக்கம் (கண்ணருகு லென்ஸ் 10 × பொருளருகு லென்ஸ் 40). 0.3 மி.மீ. செல்லை 9 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால் அந்தப் படம் 300 மடங்கு.

சாயத்தைச் செல்லின் நிறமாக எடுத்துக்கொள்வது

வெங்காயத்துக்கு சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம், கன்னச் செல்லுக்கு மெத்திலீன் நீலம் என்பது பழக்கம். இதனால் "தாவர செல் சிவப்பு, விலங்கு செல் நீலம்" என்ற எண்ணம் சிலருக்குப் பதிந்துவிடுகிறது. இரண்டுக்கும் மெத்திலீன் நீலமே போதும். 0.5 முதல் 1 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டு. கன்னச் செல்லுக்கு ஒரு நிமிடம், வெங்காயத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். சாயம் போடாத ஸ்லைடு ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் எது செல்லின் இயல்பு, எது நாம் ஏற்றியது என்று தானாக விளங்கும். சாயம் போடாததைப் பார்க்கும்போது வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரத்தைச் சுருக்குங்கள். வெளிச்சம் அதிகமானால் கன்னச் செல் கண்ணுக்கே படாது.

ஸ்லைடு தயாரிப்பில்

வெங்காயத்தின் சதைப்பற்றுள்ள இதழை ஒடித்தால், உட்குழிவான பக்கத்தில் மெல்லிய படலம் உரிந்து வரும். உரித்ததும் வாட்ச் கிளாஸில் இருக்கும் தண்ணீரில் போட வேண்டும். காற்றில் விட்டால் சுருண்டுகொள்ளும். மடிந்த இடத்தில் இரண்டு அடுக்கு செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து குழப்பும். 5 மி.மீ. சதுரத் துண்டு தாராளம்.

ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பை மேலிருந்து அப்படியே போட்டால் காற்றுக் குமிழ் சிக்கும். ஒரு விளிம்பைச் சொட்டில் தொட வைத்து, 45 பாகை சாய்வில் ஊசியால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். அப்படியும் குமிழ் வந்தால், அதை வேண்டுமென்றே காட்டிவிடுங்கள்: கறுத்த தடித்த விளிம்பு, சுத்தமான வட்டம், உள்ளே எதுவும் இல்லை. காட்டாவிட்டால் வகுப்பில் சிலர் அதையே செல் என்று வரைவார்கள்.

கன்னச் செல்லை ஒவ்வொருவரும் தம் வாயிலிருந்து மட்டுமே, புதிய காது குச்சியால் எடுக்க வேண்டும். பயன்படுத்திய குச்சியும் ஸ்லைடும் நேராக பிளீச்சிங் கரைசலுக்குப் போக வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்ப்பது வேண்டாம். தொற்று அபாயம் ஒருபுறம். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை என்பதால் ஒப்பீட்டுக்கும் அது உதவாது.

40 மடங்கு லென்ஸில் குவியத்தைச் சரிசெய்யும் பெரிய திருகைத் தொடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கவர் ஸ்லிப் நொறுங்குவதோடு லென்ஸும் கீறும். கண்ணாடி வைத்த நுண்ணோக்கியை நேரடி வெயிலுக்குத் திருப்பவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

பார்க்காததை வரைவது

கூடுதல் நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். பாடநூல் படத்தை மனப்பாடம் செய்த மாணவர், வெங்காயச் செல்லில் பசுங்கணிகம் (பச்சையம் உள்ள நுண்ணுறுப்பு) வரைவார். வெங்காய இதழ் மண்ணுக்கு அடியில் உணவு சேமிக்கும் பகுதி. அதில் பசுங்கணிகம் இல்லை. பசுங்கணிகத்தைக் காட்ட, நீர்த்தாவரமான ஹைட்ரில்லாவின் இலை ஒன்றைத் தண்ணீரோடு வையுங்கள். இரண்டே அடுக்கு செல்கள் என்பதால் வெட்டாமலே பார்க்கலாம். சற்றுக் காத்திருந்தால் பசுங்கணிகங்கள் சுவரோரமாக நகர்வதும் தெரியும்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். கன்னச் செல்லின் மேல் கருநீலப் புள்ளிகள் தெரிந்தால் உடனே அந்தப் பெயரை எழுதிவிடுவார்கள். அவை பெரும்பாலும் வாயில் வாழும் பாக்டீரியாக்கள்.

செல் சவ்வு சில நானோமீட்டர் தடிமன்தான். அதன் தடிமனை ஒளி நுண்ணோக்கி காட்டாது. வெங்காயத்தில் கோடாகத் தெரிவது செல் சுவர். சவ்வு எங்கே இருக்கிறது என்று காட்ட, சிவப்பு வெங்காய இதழின் வெளிப்பக்க ஊதாப் படலத்தை உரித்து, சாயம் போடாமல், 5 சதவீத உப்புக் கரைசலை கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுவரை விட்டு விலகிச் சுருங்கும். அந்த ஊதாவின் எல்லைதான் சவ்வு இருக்கும் இடம்.

"தாவர செல்லில் உட்கரு ஓரத்தில், விலங்கு செல்லில் நடுவில்" என்பதையும் சோதித்துப் பார்க்க வைக்க வேண்டும். வெங்காயத்திலேயே சில உட்கருக்கள் நடுவில் இருப்பதுபோல் தெரியும். சின்னத் திருகை லேசாகத் திருப்பினால் அந்த உட்கரு வேறு ஆழத்தில், மேல்சுவரையோ கீழ்சுவரையோ ஒட்டி இருப்பது புரியும். செல்லுக்கு ஆழம் உண்டு என்று மாணவர் அறிவது அந்த நொடியில்தான்.

"விலங்கு செல் வட்டம்" என்ற வரியை ஏற்காதீர்கள். கன்னச் செல் தட்டையானது, ஒழுங்கற்ற ஓரம் கொண்டது. தசை, நரம்பு நிரந்தர ஸ்லைடுகள் இருந்தால் அவற்றையும், இலைத்துளையின் காப்புச் செல்களையும் காட்டிய பிறகே வடிவத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

அட்டவணையில் மூன்று பத்திகள் போடலாம்: கண்ணால் பார்த்தது, பார்த்ததிலிருந்து ஊகித்தது, நூலில் படித்தது. பசுங்கணிகம் வரையாத வெங்காயப் படத்துக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.