6 சென்டில் வீடா? அனுமதிக்கு முன் அளந்துவிடுங்கள்

மனை 2,500 சதுரடிக்குள், கட்டடம் 3,500 சதுரடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நாமே உறுதியளிப்பது), ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடி அனுமதி உண்டு. நாகர்கோவில் பக்கம் ஆட்கள் தடுக்கி விழுவது சென்ட் கணக்கில்தான். 1 சென்ட் 435.6 சதுரடி, ஆக 5.7 சென்ட் உள்ளே, 6 சென்ட் 2,613.6 சதுரடியாகி வெளியே. பத்திரத்தில் உள்ள அளவை மட்டும் நம்பாமல், புலப்படத்தோடு (மனையின் எல்லை, அளவைக் காட்டும் அரசு வரைபடம்) ஒப்பிட்டு சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே கிடந்தால் பெயர் மாற்றம் முதல் வேலை. வில்லங்கச் சான்று பிறகு. கடலோரமோ மலையடிவாரமோ என்றால் கதையே வேறு: கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம், மலையிடப் பாதுகாப்புப் பட்டியல் இரண்டிலும் உங்கள் கிராமமோ சர்வே எண்ணோ வருகிறதா என்று பார்த்த பிறகே வானம் தோண்டுங்கள்.