ஆத்தங்குடிக் கல்லும் பின் ஷாக்கும்: சுமை வண்டிக்கு அளவு வைக்கும் முறை

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களின் மாதிரிகளை மதுரை, திருச்சி, கோவை என்று கொண்டுபோய்க் கட்டடம் கட்டுபவர்களிடம் காட்டி ஆர்டர் பிடிப்பது என் தொழில். ஊர் பள்ளத்தூர். வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் இது, சூளையில் சுடுவதில்லை. எட்டு அங்குலக் கல் ஒன்று ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். பக்கப்பெட்டி ஒவ்வொன்றிலும் ஆறு கல், வைக்கோல், சாக்கு. போதாததற்குப் பின் இருக்கையில் என் வீட்டுக்காரர். மேலூருக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் திறந்தால், வண்டியின் பின்பக்கம் எப்படி வேலை செய்தது என்று கல்லின் முனையே சொல்லிவிடும்.

வேறு ஷாக் அப்சார்பர் வாங்கிப் பொருத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். பொருத்தலாம். ஆனால் அதில் உள்ள திருகுகளுக்குப் பணம் கொடுக்கும் முன்பு, உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் தவறாக இருந்தால் எந்தத் திருகும் உங்களைக் காப்பாற்றாது. காரைக்குடியில் ஒரு பட்டறைத் தம்பி, பழைய ஷாக்கில் ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் வளையத்தைக் கடைசிப் படிவரை ஏற்றிவிட்டு, “அக்கா, நல்லா இறுக்கிவிட்டேன், இனிக் கல் உடையாது” என்றார். அந்த வளையம் ஸ்பிரிங்கை இறுக்கமாக்குவதே இல்லை. ஸ்பிரிங் எந்த உயரத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் அது மாற்றுகிறது. ஸ்பிரிங்கின் பலம் கம்பியின் கனத்திலும் சுற்றின் எண்ணிக்கையிலும் விட்டத்திலும் இருக்கிறது. ஸ்பேனர் அதைத் தொட முடியாது.

வாங்குவதற்கு முன்பு செலவில்லாத சில வேலைகள் உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டிக் கையேட்டில் உள்ளபடி, ஆள் ஏற்றும்போது சொன்ன அளவுக்குக் காற்று பிடியுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கரம்) புஷ்ஷோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. முதலில் அதற்குச் செலவு செய்யுங்கள். கையேட்டில் உள்ள அதிகபட்சச் சுமையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். புது ஷாக் போட்டாலும் அந்த எண் உயராது.

விற்பவரிடம் பேசும்போது எடையைக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். ஹெல்மெட், கோட்டு, காலணியோடு உங்கள் எடை, பின்னால் உட்காருபவர் எடை, பெட்டியும் அதன் தாங்கியும் சேர்ந்த எடை. என் வீட்டுக்காரர் தன் எடையில் எப்போதும் சில கிலோ குறைத்தே சொல்வார். அரிசிக் கடைத் தராசில் ஏற்றித்தான் உண்மையை வாங்கினேன். ஒரே மாடல் ஷாக்குக்குப் பல பலத்தில் ஸ்பிரிங் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. இந்த எடைக் கணக்கைக் கேட்காமலேயே “எல்லாருக்கும் ஒன்றுதான்” என்று சொல்லும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது நீளம். ஷாக்கின் இரு முனையிலும் போல்ட் நுழையும் வளையத்தைக் கண் என்போம். மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் பின்பக்கம் உயரும், முன் ஃபோர்க் நிமிரும், வண்டி வேகமாகத் திரும்பத் தொடங்கும். பக்க ஸ்டாண்டில் நிற்கும்போது கூடுதலாகச் சாயும். சுமை வண்டிக்கு இந்த விளையாட்டு வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் துளையும் அகலமும் உங்கள் வண்டியின் போல்ட்டுக்குப் பொருந்த வேண்டும். துளை பெரிதாக இருந்தால் தகட்டைச் சுருட்டிச் சொருகிச் சமாளிக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எத்தனை திருகு வேண்டும்? இன்டர்செப்டரில் கம்பெனி கொடுக்கும் ஷாக்கில் வாயு அறையுடன் ஐந்து படி பிரீலோடு வளையம் இருக்கிறது; ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கிவைப்பதுதான் பிரீலோடு. எண்ணெயின் ஓட்டத்தை மாற்ற வழி கிடையாது. வெளியே வாங்குவதில் மரையில் ஓடும் பிரீலோடு வளையமும், அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். சுவீடனின் ஓலின்ஸ், தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ். போன்றவை வெவ்வேறு விலைப் படிகளில் கிடைக்கின்றன. ஷாக் அமுங்கும் வேகத்தை மாற்றும் கம்ப்ரெஷன் திருகு கூடுதலாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடிமுழுகாது. எண்ணெயும் வாயுவும் தனித்தனி அறையில் இருக்கின்றனவா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டும் ஒரே குழாயில் கலந்திருக்கும் ஷாக், மே மாத வெயிலில் சுமையோடு மோசமான சாலையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் நுரைத்துப் பிடிப்பை இழக்கும். சூட்டில் எண்ணெய் இளகுவது எல்லா ஷாக்கிலும் உண்டு. நுரைப்பதைத்தான் தனி அறை தடுக்கிறது.

பொருத்துவது பெரிய வித்தை இல்லை. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயருக்கு அடியில் பலகைகளை அடுக்கிச் சக்கரத்தின் எடையைத் தாங்குங்கள். ஒரு பக்க ஷாக்கைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுத்தான் மறுபக்கம் கை வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஸ்விங்ஆர்ம் தொங்கிவிடும். போல்ட் கையால் இழுத்தாலே வர வேண்டும். வராவிட்டால் எடை அதன்மேல் இருக்கிறது என்று பொருள். சுத்தியலைத் தேடாமல் பலகையின் உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். போல்ட்டின் வழவழப்பான பகுதியில் லேசாக கிரீஸ், மரையில் வேண்டாம். கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

எனக்கு நேரம் பிடித்தது பெட்டித் தாங்கிதான். பல தாங்கிகள் ஷாக்கின் மேல் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். புது ஷாக்கின் வாயுக் குப்பி அசல் ஷாக்கினுடையதைவிடப் பருமனாக இருந்தால், நிற்கும்போது இடைவெளி தெரியும். சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது இடிக்கும். தாங்கிக்கும் குப்பிக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைய வேண்டும். செயின் கார்டு, சேலைத் தடுப்புக் கம்பி, பிரேக் ஹோஸ் ஆகியவற்றையும் பாருங்கள். பெட்டியை மாட்டி, இருவர் ஏறி உட்கார்ந்து குலுக்க, மூன்றாமவர் குனிந்து கவனிக்க வேண்டும்.

இனி அளவு. இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. தேவையானவை ஒரு டேப், ஒட்டும் காகிதம், உதவிக்கு இருவர். பின் அச்சுக்கு நேர் மேலே பின்மட்கார்டிலோ சட்டத்திலோ ஒரு குறி ஒட்டுங்கள். அச்சின் நடுவிலிருந்து அந்தக் குறிவரை உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் அளவு, சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது. இரண்டாவது, வண்டி ஆள் இல்லாமல் தன் சக்கரங்களில் நேராக நிற்கும்போது. மூன்றாவது, நீங்கள் வழக்கமாகப் போகும் அத்தனை சுமையோடும் ஏறி உட்கார்ந்து, இரு கால்களையும் மிதிகட்டையில் வைத்திருக்கும்போது. முன்னால் ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். புஷ்ஷும் சீலும் கொஞ்சம் பிடித்து வைக்கும் என்பதால் ஒவ்வோர் அளவையும் இருமுறை எடுங்கள்: வண்டியை அமுக்கி மெதுவாக மேலே வரவிட்டு ஒருமுறை, தூக்கி மெதுவாகக் கீழே இறங்கவிட்டு ஒருமுறை. இரண்டின் நடுவே உள்ளதுதான் உண்மை.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வண்டியின் தனி அமுங்கல். முதலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் சுமை அமுங்கல். சாலை வண்டிக்குச் சுமை அமுங்கல், சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இன்டர்செப்டரின் பின் சக்கரத்துக்கு அந்தத் தூரம் 88 மி.மீ. ஆகவே 26 முதல் 30 மி.மீ. வரை அமுங்கினால் சரி. தனி அமுங்கல் 5 முதல் 10 மி.மீ. இருக்கட்டும்.

எண்ணில் பார்ப்போம். தொங்கும்போது 542, தனியே நிற்கும்போது 534, சுமையோடு 505 என்றால் சுமை அமுங்கல் 37. அதிகம். இப்படி நேரான இரட்டை ஷாக் வண்டியில் வளையத்தை ஸ்பிரிங்கை அமுக்கும் பக்கமாக ஒரு மி.மீ. நகர்த்தினால் அமுங்கலும் ஏறத்தாழ ஒரு மி.மீ. குறையும். எட்டு மி.மீ. நகர்த்தினால் 29க்கு வந்துவிடும். மகிழ்ந்துவிடாமல் தனி அமுங்கலை மறுபடி பாருங்கள். எட்டாக இருந்தது இப்போது பூஜ்யம் ஆகியிருக்கும். அதாவது ஆள் இறங்கியதும் ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு முட்டி நிற்கிறது. சுமை குறைவாகப் போகும்போது பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கப் போதிய இடம் இருக்காது. வேகத்தடையைத் தாண்டியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இதன் பொருள், உங்கள் சுமைக்கு ஸ்பிரிங் மெல்லியது; ஒரு படி பலமான ஸ்பிரிங் வேண்டும். மாறாக, சுமை அமுங்கல் சரியாக வந்தும் தனி அமுங்கல் பதினைந்தைத் தாண்டினால் ஸ்பிரிங் அளவுக்கு மீறிப் பலமானது. பட்டறைத் தம்பி கடைசிப் படிவரை ஏற்றியபோது கல் ஏன் அதிகமாக உடைந்தது என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

வளையத்தைத் திருகும் முன்பு மரையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து சிலிக்கான் தெளிப்பு அடியுங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி மரையில் அரம்போல அறுத்துவிடும். இரு பக்கமும் ஒரே அளவு திருகி, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துப் பூட்டு வளையத்தை முடுக்குங்கள்.

அமுங்கல் சரியான பிறகே ரீபவுண்ட். அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகத்தில் திரும்ப எழ வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். திருகை வலப்பக்கமாக மெதுவாக முழுதும் மூடி, அங்கிருந்து எத்தனை சொடுக்கு திறக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். தயாரிப்பாளரின் காகிதத்தில் ஒரு தொடக்க எண் இருக்கும். அங்கே வைத்து, இருக்கையைப் பலமாக அமுக்கிக் கையை எடுங்கள். பின்பக்கம் எழுந்து, அதிகம் போனால் ஒரு சின்ன மிகையோடு நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் திருகைக் கொஞ்சம் மூடுங்கள். சோம்பேறித்தனமாக ஊர்ந்து எழுந்தால் கொஞ்சம் திறங்கள்.

நிற்கும் வண்டியில் தெரிவது பாதிதான். கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிப் பக்கம் போகும் குறுகிய சாலைகளில் நான் சோதிப்பேன்: ஒட்டுப்போட்ட தார், ஊர் எல்லையில் வேகத்தடை, ஓரத்தில் செம்மண். ஷாக் சூடான பிறகுதான் அளவு வைக்க வேண்டும் என்பதால் முதலில் சிறிது நேரம் சும்மா ஓட்டுவேன். வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் மறுபடி மறுபடி எழும்பினால் ரீபவுண்ட் போதவில்லை. தனியான ஒரு பள்ளத்தை நன்றாகத் தாங்கிவிட்டு, அடுக்கடுக்காக வரும் ஒட்டுகளில் போகப் போக முரடாக இடித்தால் ரீபவுண்ட் அதிகம். ஒரு அடிக்கு எழுந்து முடிப்பதற்குள் அடுத்த அடி விழுகிறது, வண்டி படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. இந்த இரண்டாவது நோயைப் பலர் “ஸ்பிரிங் கல்லாக இருக்கிறது” என்று தவறாகப் புரிந்துகொண்டு வேறு எதையாவது திருகுவார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு திருகு, இரு பக்கமும் இரண்டு சொடுக்கு. அதே சாலை, அதே வேகம், அதே சுமை. பின்னால் இருப்பவரைக் கேளுங்கள். அச்சுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே உட்கார்ந்திருப்பவர் அவர். உங்களுக்கு முன்பே அவர் முதுகுக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கம்ப்ரெஷன் என்றால் என்னவென்றும் தெரியாது. “இப்போ தேவலை”, “முன்னாடி வைத்ததே நல்லா இருந்தது” என்று இரண்டு பதில்தான் சொல்வார். அது போதும்.

கம்ப்ரெஷன் திருகு இருந்தால் கடைசியாகத் தொடுங்கள். கூர்மையான சிறு விளிம்புகளில் முதுகுத்தண்டில் உறைத்தால் திறங்கள். அமுங்கல் சரியாக இருந்தும் பெரிய பள்ளத்தில் அடிவரை போய் முட்டினால் மூடுங்கள். தயாரிப்பாளரின் எண்ணிலிருந்து இதை நான் அதிகம் நகர்த்தியதில்லை.

பின் உயரம் மாறியதால் வேறு இரண்டும் மாறியிருக்கும். செயின் தளர்ச்சியைக் கையேட்டின்படி மறுபடி பாருங்கள். சுமை ஏறும்போது செயின் இறுகும் என்பதால் கொஞ்சம்கூட இறுக்கமாக விடக்கூடாது. இரவில் சுமையோடு ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி முகப்பு விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். பிரான்மலைப் பக்கத்து இருட்டில் அப்படி அடிபட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் இரண்டு அளவுகளைப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். தனியாகப் போகும்போது வளையத்தின் உயரமும் சொடுக்கும் ஒன்று, கல்லும் ஆளும் ஏறும்போது இன்னொன்று. சுமை கூடினால் பிரீலோடு கூட வேண்டும்; கூடவே ரீபவுண்டையும் ஒன்றிரண்டு சொடுக்கு மூட வேண்டியிருக்கும். மாற்றச் சில நிமிடங்கள்தான். வளைவு ஸ்பேனரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

புதிதாகப் பொருத்திய முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒட்டிய சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த மண் சீலைக் கிழிக்கும். உயர் அழுத்த நீரை நேராக அங்கே பீய்ச்ச வேண்டாம். தண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சீல் போய்விட்டது. உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பதால் தெருப் பட்டறையில் பிரிக்கக் கொடுக்காமல், எண்ணெய் மாற்றி வாயு நிரப்பும் வசதி உள்ள இடத்துக்கே அனுப்புங்கள். வாங்கும் முன்பே அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று விற்பவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய ஷாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; புதியது சர்வீசுக்குப் போயிருக்கும் நாட்களில் அதுதான் வண்டியை ஓட்டும்.