எல்.எல்.பி. படிப்பைக் கடைசி ஆண்டிலிருந்து திட்டமிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் சட்டம் படிக்கச் சேரும் பிள்ளைகள் பலர் முதலாண்டுப் பாடங்களை மட்டும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். சிக்கல் மூன்றாம் ஆண்டில்தான் தலைகாட்டும். தேறாத ஒரு பாடம் வேறு இரண்டு பாடங்களுக்கு வாசலாக இருக்கும், படிப்பு ஓராண்டு தள்ளிப்போகும். அதனால் அட்டவணையைக் கடைசி ஆண்டிலிருந்து போடத் தொடங்குங்கள்.

படி 1: ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

எல்.எல்.பி. நான்காண்டுப் பட்டம், மொத்தம் 480 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு). பட்டத்துக்குப் பிறகு அட்டர்னி (கட்சிக்காரரை நேரடியாகப் பார்க்கும் வழக்கறிஞர்) ஆக இரண்டாண்டு ஆர்ட்டிக்கிள்ஸ், அதாவது ஓர் அலுவலகத்தில் தொழிற்பயிற்சி, செய்ய வேண்டும். முழுநேரச் சட்டப் பயிற்சிப் பள்ளியை முடித்தவர்களுக்கு ஓராண்டு போதும். அட்வகேட் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) ஆக விரும்பினால் மூத்த அட்வகேட்டிடம் ஓராண்டு பயிற்சி, அதாவது பியூப்பிலேஜ். 2027 பிப்ரவரியில் சேரும் மாணவருக்கு, எதுவும் தவறாவிட்டால், 2030 முடிவில் பட்டம், 2032 முடிவில் ஆர்ட்டிக்கிள்ஸ் நிறைவு. வீட்டுச் செலவைக் கணக்கிடும்போது இந்த ஆறு ஆண்டுகளையும் கணக்கில் எடுங்கள். ஆர்ட்டிக்கிள்ஸ் காலத்தில் கிடைக்கும் சம்பளம் பல சின்ன அலுவலகங்களில் மிகக் குறைவு.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

நேராக நான்காண்டு எல்.எல்.பி. படிக்கலாம். அல்லது சட்டப் பாடங்கள் கலந்த பி.ஏ., பி.காம். மூன்றாண்டு முடித்து, மேலும் இரண்டாண்டில் எல்.எல்.பி. பெறலாம். சட்டம்தான் வேண்டுமென்று உறுதியில்லாத பிள்ளைக்கு இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்போம். மனம் மாறினாலும் மூன்றாம் ஆண்டில் கையில் ஒரு பட்டம் இருக்கும். ஆனால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி பெரும்பாலும் முதல் பட்டத்துக்கே கிடைக்கிறது. கடைசி இரண்டாண்டுக் கட்டணத்துக்கு வழி உண்டா என்று சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குவாசுலு-நட்டால் மாகாணப் பல்கலைக்கழகங்களில் சேர நினைப்பவர்கள் சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். மெட்ரிக்கில் (12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) பட்டப்படிப்புக்கான தேர்ச்சி குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. சட்டத்துக்கு இடம் கிடைக்க அதைவிட அதிகப் புள்ளிகள் வேண்டும். 11ஆம் வகுப்பு மதிப்பெண்களை வைத்தே தற்காலிக இடம் ஒதுக்குவார்கள் என்பதால், மெட்ரிக் ஆண்டில் சுறுசுறுப்பானால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 3: முன்பாடச் சங்கிலியை வரையுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. உங்கள் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுக் கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக, 'இதற்குமுன் எது தேற வேண்டும்', 'எந்தப் பருவத்தில் நடக்கும்' என்று இரண்டு கட்டங்கள் போடுங்கள். அரசியலமைப்புச் சட்டத்திலிருந்து நிர்வாகச் சட்டத்துக்கும், ஒப்பந்தச் சட்டத்திலிருந்து விற்பனை, குத்தகை, கம்பெனிச் சட்டத்துக்கும் அம்புக்குறி போடுங்கள். கட்டாயம் என்று கையேடு சொல்லாவிட்டாலும் அறிவின் வரிசை அதுதான். எந்தப் பாடத்திலிருந்து அம்புகள் அதிகம் கிளம்புகின்றனவோ, அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். நேரம் போதாத வாரங்களில் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தப் பாடத்தைத்தான்.

முதல் பருவத்தில் தவறிய பாடம் பெரும்பாலும் அடுத்த ஆண்டு அதே பருவத்தில்தான் திரும்ப வரும். அப்போது அதன் வகுப்பு நேரம் இரண்டாமாண்டு வகுப்போடு மோதும். பல மாணவர்கள் சிக்கிக்கொள்வது இந்த மோதலில்தான்.

படி 4: மணிக்கணக்கு

ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு, வகுப்பும் வாசிப்பும் தேர்வும் சேர்த்து. ஆண்டுக்கு 120 கிரெடிட் என்றால் 1,200 மணி. 30 வாரங்களில் பகிர்ந்தால் வாரம் 40 மணி, அதாவது முழுநேர வேலை.

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் படிக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். வாரம் 20 மணி ஒதுக்க முடிந்தால் ஆண்டுக்கு 60 கிரெடிட், 12 கிரெடிட் பாடமானால் ஐந்து. அப்படியானால் பட்டத்துக்கு எட்டாண்டு. ஆர்வத்தில் பத்துப் பாடம் பதிந்து ஆறில் தோற்பதைவிட ஐந்து பதிந்து ஐந்திலும் தேறுவது பணத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. பதியுமுன் பட்டத்தை முடிக்கத் தரும் உச்சகால வரம்பையும் கையேட்டில் பாருங்கள்.

வகுப்புக்குப் போகும் மாணவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டி.பி., அதாவது இறுதித் தேர்வு எழுதுவதற்கான அனுமதி. வருகையும் பருவநடு மதிப்பெண்ணும் குறைந்து டி.பி. கிடைக்காவிட்டால் இறுதித் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். பாடத்துக்குப் பாடம் விதி மாறும் என்பதால் முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: தீர்ப்பு வாசிக்கப் பழகுங்கள்

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு பக்கம் போதும்: நடந்தது என்ன, கேள்வி என்ன, முடிவு என்ன, எந்தக் காரணத்தால். இந்து முறைப்படி மட்டும் திருமணம் செய்து, பதிவு செய்யாத மனைவிக்குக் கணவர் உயிலின்றி இறந்தால் வாரிசுரிமை உண்டா என்ற வழக்கு டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1987ஆம் ஆண்டு உயிலற்ற வாரிசுரிமைச் சட்டத்தின் 'வாழ்க்கைத்துணை' என்ற சொல்லில் அவரும் அடங்குவார் என்று 2008இல் தீர்ப்பானது. முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவர், 'அப்படியானால் கோயிலில் மட்டும் நடந்த திருமணம் எல்லாவற்றுக்கும் செல்லுமா?' என்ற தேர்வுக் கேள்வியில் வழுக்கி விழுவார். நீதிமன்றம் பதில் சொன்னது ஒரு சட்டத்தின் ஒரு சொல்லுக்குத்தான்.

படி 6: மூன்றாம் ஆண்டிலேயே ஆர்ட்டிக்கிள்ஸ் தேடுங்கள்

பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையரான நவநீதம் பிள்ளை 1967இல் நட்டாலில் தனியாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்ததற்குக் காரணம், அந்த நிறவெறிக் காலத்தில் எந்த நிறுவனமும் அவரை வேலைக்கு எடுக்காததே. இன்று நிறத்தடை இல்லை, ஆனால் இடத்துக்குப் போட்டி கடுமை. பெரிய நிறுவனங்கள் பட்டம் முடியுமுன்பே ஆள் எடுத்துவிடும். ஜூலை விடுமுறையில் ஒரு வாரமாவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பாருங்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பக்கத்துச் சிறு அலுவலகங்களில் முதல் நாளே கோப்பைக் கையில் கொடுப்பார்கள்.

நற்பெயரும் தகுதியின் பகுதி. சட்டத் தொழிலில் சேர 'ஃபிட் அண்ட் ப்ராப்பர்', அதாவது தகுதியும் நேர்மையும் உள்ளவர், என்று நிரூபிக்க வேண்டும். கட்டுரையில் பிறர் எழுத்தைத் திருடிய குற்றம் பல்கலைக்கழகப் பதிவில் இருந்தால் அங்கே விளக்கம் சொல்ல நேரும்.

அட்டர்னிக்கான தேர்வில் நான்கு தாள்கள், அவற்றில் ஒன்று கணக்கியல். எல்.எல்.பி.யில் கணக்கே தொடாதவர்கள் திணறுவது அதில்தான். கட்சிக்காரர் பணத்தை வைக்கும் டிரஸ்ட் கணக்கைச் சரியாக எழுதத் தெரியாதவர் உரிமத்தையே இழக்கலாம். மூன்றாம், நான்காம் ஆண்டில் விருப்பப்பாடமாகக் கணக்கியல் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் கடைசி ஆண்டு விடுமுறையில் பற்று, வரவு, டிரஸ்ட் பேரேடு ஆகிய மூன்றையும் கையால் எழுதிப் பழகுங்கள்.