கடலோர மக்களிடம் கருத்துக் கேட்கப் போகும் முன்

கடல்மட்டம் உயர்வதைப் பற்றிக் கரையோர மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது பதினான்கு ஆண்டுகளாக என் வேலை. புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இடம் மாற மக்கள் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு கரைக்குப் போகாதீர்கள். எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறார்கள் என்று கேட்கப் போங்கள்.

வரைபடத்தை முதலில் விரிக்க வேண்டாம். என் முதல் கூட்டத்தில், மூழ்கக்கூடிய பகுதியைச் சிவப்பில் காட்டும் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள். வீடு சிவப்புக்குள் இருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. வெளியே இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். வயதான அம்மா ஒருவர் மட்டும் கடைசிவரை இருந்து, "இடுகாடு எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டார். என் படத்தில் இடுகாடே குறிக்கப்படவில்லை. அவர் வந்ததே அதற்காகத்தான்.

அதன்பின் முதல் நாளில் கூட்டம் போடுவதை விட்டுவிட்டேன். கரையோரம் நடக்கிறேன். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில் கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். கடல் ஏற்ற இறக்க நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பார்த்து, வெவ்வேறு வயதுள்ள நாலைந்து பேரோடு போங்கள். கையில் அளவு நாடாவும் சாக்கட்டியும் போதும். "நீங்க சின்ன வயசுல தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் இடத்தைக் குறித்து, இன்றைய நீர்விளிம்பு வரை அளந்து, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நேர்மை மிக முக்கியம். உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, 2006க்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மி.மீ. என்று வேகமும் கூடியிருக்கிறது. ஆனால் கரை அரிப்பு முழுவதற்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். அணைகள் ஆற்று மணலைத் தடுப்பதையும், துறைமுகச் சுவர் ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கம் அரிக்க விடுவதையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் பருவநிலையைப் பற்றி மட்டும் பேசினால், யாரையோ பழியிலிருந்து காப்பாற்ற வந்தவராகவே உங்களைப் பார்ப்பார்கள்.

"கடல்சுவர் வேண்டுமா?" என்று கேட்டால் எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அதைக் கருத்து என்று எழுதிக்கொள்ளக் கூடாது. சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னாலுள்ள மணலை வாரிக்கொண்டு போகும். சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு கூடும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: சுவர் வந்தால் படகை எங்கே ஏற்றுவீர்கள்? வலையை எங்கே காயப்போடுவீர்கள்? அடுத்த குடியிருப்பின் கரை போனால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பேச்சு அங்கேதான் தொடங்கும். ஒருமுறை இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு யாரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், "அங்கதான் என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருக்கு" என்றார்.

சொற்களிலும் கவனம் வேண்டும். அலுவலகக் காகிதங்களில் வரும் ‘பின்வாங்கல்’ என்பது தோற்றவர்களுக்கு உரிய சொல். அதைக் கேட்டதுமே முகம் மாறிவிடுகிறது. ‘வீட்டை மேட்டுக்கு மாற்றுவது’ என்று நடப்பதை அப்படியே சொல்லுங்கள்.

இடம் மாறுவதை மக்கள் எப்போதும் எதிர்ப்பார்கள் என்பது உண்மையல்ல. ஃபிஜியின் வுனிதொகொலோவா கிராமத்தார் தாங்களே அரசிடம் கேட்டு, 2014இல் ஏறத்தாழ 2 கி.மீ. உள்ளே, தங்கள் சொந்த நிலத்திலேயே குடியேறினார்கள். வேல்ஸின் ஃபேர்போர்னிலோ, 2054 வாக்கில் ஊரைப் பாதுகாப்பது நின்றுவிடும் என்ற செய்திதான் முதலில் பரவியது. வீட்டின் மதிப்பு சரிந்தது, மக்கள் கொதித்தார்கள். இரண்டு இடத்திலும் கடல்தான் வருகிறது. முடிவை முதலில் யார் வாயிலிருந்து கேட்டார்கள் என்பதைத்தான் நான் பெரிய வேறுபாடாகப் பார்க்கிறேன்.

அதனால் எப்போது மாறுவது என்பதற்கு ஆண்டைக் குறிக்காமல் அடையாளத்தைக் குறிக்கச் சொல்கிறேன். லண்டனின் தேம்ஸ் கழிமுகத்துக்கு 2012இல் வந்த வெள்ளத் தடுப்புத் திட்டமும் இந்த வழியில்தான் செல்கிறது: நீர்மட்டம் இன்ன அளவைத் தொட்டால் அடுத்த படி. கூட்டத்தில் இதை எளிதாகக் கேட்கலாம். தெருவுக்குள் ஆண்டுக்கு எத்தனை முறை கடல்நீர் வந்தால் பொறுப்பீர்கள்? கிணறு எத்தனை மாதம் உப்புக் கரித்தால் மாற யோசிப்பீர்கள்? ‘மாட்டவே மாட்டேன்’ என்றவர்கள்கூட இதற்கு ஓர் எண் சொல்வார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களைத் தனியாகப் பாருங்கள். வீட்டுக்காரர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். பெண்களிடம் அவர்களுக்குத் தோதான நேரத்தில் பேசுங்கள். கிணற்றுநீர் மாறியதை எனக்கு முதலில் சொன்னது எப்போதும் அவர்கள்தான்.

எழுதியதை அலுவலகத்துக்கு அனுப்பும் முன் திரும்பிப் போய், அவர்கள் சொன்ன சொற்களிலேயே உரக்கப் படித்துக்காட்டுங்கள். இடையில் மறித்து, "நான் அப்படிச் சொல்லலையே" என்று யாராவது சொல்வார்கள். அந்த வரியை அவர்கள் முன்னாலேயே அடித்துத் திருத்துங்கள்.