பேஸ் கிட்டாருக்கு நாமே செய்யும் ஆக்டிவ் ப்ரீஆம்ப்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

ப்ரீஆம்ப் என்றதும் சத்தத்தைக் கூட்டுகிற சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சத்தம் கூட்ட ஆம்ப்ளிஃபயரிலேயே நாப் இருக்கிறதே! பாசிவ் பேஸில், அதாவது பேட்டரியே இல்லாத பேஸில், வால்யூம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) பெரும்பாலும் 250 கிலோ ஓம். அதைப் பாதி இறக்கினால் சிக்னல் கிட்டத்தட்ட 60 கிலோ ஓம் தடையைத் தாண்டித்தான் கேபிளுக்குள் போகிறது, கேபிளுக்கோ மீட்டருக்கு 100 பிகோஃபேரட் வாக்கில் கெப்பாசிட்டன்ஸ் உண்டு, ஆக 6 மீட்டர் கேபிள் போட்டால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பளிச்சென்ற ஒலி மங்க ஆரம்பித்துவிடும். கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிப்பவர்களுக்கு இது உடனே காதில் படும். கிட்டாருக்குள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட்டை வைத்து கேபிளின் பாரத்தை அதன் தலையில் போட்டுவிட்டால் வால்யூமை எங்கே வைத்தாலும் ஒலி மங்காது. பேட்டரியில் ஓடும் அந்த சர்க்யூட்தான் ஆக்டிவ் ப்ரீஆம்ப்.

1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் பேஸ், ட்ரெபிள் நாப்களோடு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருந்தது. முதல் தடவைக்கு அந்த டோன் பகுதி வேண்டாம், ஒரே ஒரு ஐசி போதும்.

வாங்க வேண்டியவை: டிஎல்061 ஐசி, அதற்கு 8 கால் சாக்கெட், 1என்5817 டயோடு, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று, 10 கிலோ ஓம் இரண்டு, 1 மெகா ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று, 100 நானோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்று, எலக்ட்ரோலிட்டிக்கில் 10 மைக்ரோஃபேரட் மூன்று, 47 ஒன்று. அப்புறம் ஸ்டீரியோ ஜாக், பேட்டரி ஸ்னாப். டிஎல்071-ம் அப்படியே பொருந்தும், இரைச்சலும் குறைவு. ஆனால் அது 1.4 மில்லிஆம்பியர் இழுக்கும், 061 இழுப்பது 0.2 தான். சாதாரண 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் 500 மில்லிஆம்பியர்-மணி அளவுக்கு இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 061 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடும். நான் அதைத்தான் சொல்வேன்.

சால்டர் வைப்பதற்கு முன் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் போர்டு) செய்து பாருங்கள். ஐசியின் வெட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கம் மேலிருந்து கீழே 1 முதல் 4, வலப்பக்கம் கீழிருந்து மேலே 5 முதல் 8.

முதலில் பவர். பேட்டரியின் சிவப்பு வயர் டயோடு வழியாக 7-ம் காலுக்கு, டயோடின் கோடு போட்ட முனை ஐசி பக்கம். 4-ம் கால் கிரவுண்டு. இரண்டுக்கும் நடுவே 47 மைக்ரோஃபேரட், பிளஸ் 7-ல். அதே 7-க்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 100 கிலோ ஓமைத் தொடராகப் போட்டு, நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபேரட் கொடுங்கள். சிக்னல் மேலும் கீழும் ஆட இந்தப் பாதி வோல்டேஜ்தான் தரை. நடுப்புள்ளியிலிருந்து 1 மெகா ஓம் 3-ம் காலுக்குப் போகட்டும்.

அடுத்து சிக்னல். வால்யூம் பாட்டிலிருந்து ஜாக்குக்குப் போய்க்கொண்டிருந்த வயரை 100 நானோஃபேரட் வழியாக 3-ம் காலுக்குக் கொடுங்கள். 6-க்கும் 2-க்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம். 2-லிருந்து இன்னொரு 10 கிலோ ஓம், அதன் மறுமுனையில் 10 மைக்ரோஃபேரட்டின் பிளஸ், மைனஸ் கிரவுண்டில். இதில் கெய்ன் 2, அதாவது சிக்னல் இரண்டு மடங்காகும், 6 டெசிபல். இதைக் கூட்ட ஆசைப்படாதீர்கள், ஓங்கி ஸ்லாப் அடித்தால் பிக்கப்பே 1 வோல்ட்டுக்கு மேல் தரக்கூடும், 9 வோல்ட் பேட்டரியில் இந்த ஐசியால் இரு பக்கமும் 3 வோல்ட் சுமாருக்குத்தான் ஆட முடியும், அதற்கு மேல் போனால் உடைந்த ஒலிதான். 6-ம் காலிலிருந்து கடைசி 10 மைக்ரோஃபேரட், பிளஸ் ஐசி பக்கம், பிறகு 1 கிலோ ஓம், பிறகு ஜாக்கின் டிப் (பிளக்கின் நுனி தொடும் முனை). டிப்பிலிருந்து கிரவுண்டுக்கு மீதமுள்ள 100 கிலோ ஓம்.

பேட்டரியின் கறுப்பு வயரை கிரவுண்டில் வைக்காமல் ஜாக்கின் ரிங்கில் (ஸ்டீரியோ பிளக்கின் நடு வளையம் தொடும் முனை) வையுங்கள், கிரவுண்டு ஸ்லீவில் (பிளக்கின் அடிப்பகுதி தொடும் முனை). மோனோ கேபிளைச் செருகினால் ரிங்கும் ஸ்லீவும் சேர்ந்து பவர் வரும், தனி சுவிட்ச் தேவையில்லை. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கேபிளைச் செருகி மல்டிமீட்டரை வையுங்கள். 7-ல் 8.7 வோல்ட்டை ஒட்டியும் 6-ல் அதில் பாதியும் வரவேண்டும். 3-ல் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், 1 மெகா ஓம் வழியாக அளக்கும்போது மீட்டரே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். 6-ல் 0 அல்லது முழு வோல்டேஜ் வந்தால் 2-ம் கால் வயரிங்கைத்தான் முதலில் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் டாட் போர்டுக்கு (துளைகள் போட்ட சால்டர் போர்டு) மாற்றி சால்டர் செய்யுங்கள். ஐசியைக் கடைசியில் சாக்கெட்டில் செருகினால் போதும். கிட்டாரின் உள்குழிக்கு காப்பர் டேப் ஒட்டி அதையும் கிரவுண்டில் சேருங்கள், பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்டு வயரை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் ஹம் வரும். போர்டின் அடிப்பகுதி அந்த டேப்பில் படாதபடி கீழே ஃபோம் வையுங்கள். கேபிள் செருகும்போதுதான் பவர் வருகிறது என்பதால் டப் என்று ஒரு சத்தம் கேட்கும், ஆம்ப் வால்யூமை இறக்கிவிட்டுச் செருகுங்கள்.