பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டால்

மதிப்பெண் குறைந்த அன்று மகள் அறைக்குள் படுத்துக் கிடக்கிறாள். தட்டில் வைத்த தோசை ஆறிப்போய் விறைத்துவிட்டது. அப்போது "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். அழுகையை விழுங்கப் பழகிய பிள்ளை அதே தோல்வியை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். இந்தப் பழக்கம் மனச்சோர்வுக்கு வழிவிடும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியவர் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா.

பக்கத்தில் உட்காருங்கள். "கோபமா, அவமானமா, பயமா?" என்று மெதுவாகக் கேளுங்கள். உணர்வுக்கு ஒரு பெயர் கிடைத்தால் அதன் வேகம் கொஞ்சம் தணியும். பதில் வராவிட்டாலும் சரி, கூடவே இருங்கள். அப்புறம் மொட்டை மாடிக்கோ கடைக்கோ கூட்டிப் போங்கள்.

பள்ளி வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வரும். அதைத் திமிர் என்று நினைத்துத் திட்டிவிடுகிறோம், பாவம். தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் 2 வாரமாகக் குலைந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416; இந்தியாவில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். "செத்துப் போகலாம் போலிருக்கு" என்று பிள்ளை சொன்னால் 2 வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.